யார் என் பூவை நகர்த்தியது?

பண்டிகைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தபோது, என் மகள் ஒரே நிமிடத்தில் அதை வரவழைத்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு இரண்டரை வயது. "இன்றைக்கா அப்பா?" என்ற கேள்வி ஒவ்வொரு காலையிலும் வந்துகொண்டிருந்தது. அதற்காகப் பத்து வண்ணக் காகித வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கி, அவள் கைக்கு எட்டும்படி சன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். "காலையில் எழுந்ததும் ஒன்றைக் கிழிக்க வேண்டும். கடைசி வளையத்தைக் கிழித்தால் பண்டிகை வந்துவிடும்" என்று சொல்லியும் வைத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், மிச்சமிருந்த எட்டு வளையங்களும் தரையில் கிடந்தன. அவளை வீட்டுக்குள் காணவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரவு உடைக்கு மேலேயே புதுச் சட்டையைத் தலைவழியாக இழுத்து மாட்டியிருந்தாள். ஒரு கை சட்டைக்குள்ளேயே சிக்கியிருந்தது. செருப்பு கால் மாறியிருந்தது. முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை.

"வந்துவிட்டது அப்பா. தாத்தாவைத்தான் இன்னும் காணோம்."

அவளைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கடைசி வளையத்தைக் கிழித்தால் பண்டிகை வரும் என்று நான் சொன்னேன், அவள் கிழித்தாள். நாள் கழிகிறது, அதனால் வளையம் குறைகிறது என்பது பெரியவர்களின் கணக்கு. வளையம் குறைகிறது, அதனால் நாள் கழிகிறது என்பது அவளுடைய கணக்கு. என் வாக்கியமும் அவள் பக்கம்தான் சாட்சி சொன்னது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது மனம் நிறைந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக்குலின் ஊலி என்ற உளவியலாளர், மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளிடம் பிறந்தநாள் கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார். ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் விருந்தே நடக்கவில்லை. இன்னொரு குழந்தைக்கு இரண்டு விருந்து நடந்தது. இவர்களுக்கு இப்போது என்ன வயது? விருந்து நடக்காவிட்டால் வயது ஏறாது என்று நினைத்த குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு விருந்து நடந்தால் இரண்டு வயது கூடும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அதாவது, கொண்டாட்டம் காலத்தைக் குறிப்பதில்லை, காலத்தையே அதுதான் நகர்த்துகிறது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் மகள் இந்தக் கட்சியைச் சேர்ந்தவள்.

அன்று காலை அவளைச் சமாதானம் செய்தது நான் அல்ல, தாத்தா. தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் "இன்னும் ஏழு நாள் இருக்கிறது" என்று சொல்லவே இல்லை. "அடடா, நான் இன்னும் பையே எடுத்து வைக்கவில்லையே! என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், நீயே சொல்லு" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். சட்டை. பல் துலக்கும் பிரஷ். கண்ணாடி. பாட்டி. பாட்டியையும் பையில் வைக்க வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். பேசி முடித்ததும் சட்டையைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு, "தாத்தா பை எடுத்து வைக்கிறார்" என்று எனக்கு விளக்கினாள். அழுகை இல்லை. ஏமாற்றமும் இல்லை. பண்டிகை வராமல் இருப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது: வேலை இன்னும் முடியவில்லை.

அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பண்டிகை எப்படி நடக்கிறது என்பதற்கு அந்தத் தொலைபேசி உரையாடல்தான் அடிப்படை.

சிறு குழந்தைக்கு எண்ணிக்கை பிடிபடாது. 'நேற்று' என்றால் அவளுக்குப் பிறந்ததிலிருந்து இன்றுவரை எல்லாமே. 'நாளை' என்றால் இப்போது இல்லை என்பது மட்டும். "நேற்று நான் அம்மா வயிற்றில் இருந்தேன்" என்று நம்பிக்கையோடு சொல்கிறவளிடம் "இன்னும் ஒன்பது நாள்" என்பது வெறும் ஓசை. ஆனால் வேலை பிடிபடும். எனவே மூன்றரை வயதில் வந்த அடுத்த பண்டிகைக்கு நாட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையின் பெயரை வைத்தோம். துடைக்கும் நாள். ஒட்டும் நாள். கோக்கும் நாள். மிதியடி நாள். பெட்டி தேடும் நாள். படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டினேன். வேலை முடிந்ததும் அந்தப் படத்தின் மேல் அவள் வண்ணம் தீட்டுவாள். கிழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கடைசிப் படம் பண்டிகை. "இன்றைக்கா?" என்ற கேள்வி போய், "நாளைக்கு என்ன நாள்?" என்ற கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் அவளுக்குப் புரியும் பதில் இருந்தது: "நாளைக்கு ஒட்டும் நாள்."

வேலை என்றால் உண்மையான வேலையாக இருக்க வேண்டும். இதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். அழுக்குத் துணியை அவளிடம் கொடுக்க மனம் வராமல், நானே துடைத்துவைத்திருந்த கதவைக் காட்டி ஈரத்துணியைக் கொடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, அழுக்கே வரவில்லையே" என்று சொல்லித் துணியைக் கீழே போட்டுவிட்டாள். பக்கத்திலிருந்த செருப்பு அலமாரியைக் காட்டியதும் காட்சி மாறியது. துணி கறுக்கக் கறுக்க அவளுக்கு உற்சாகம். ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து காட்டினாள். அழுக்கு அவளுக்கு அளவுகோல். எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று அவளால் கண்ணால் பார்க்க முடிந்தது.

அனுபவத்தில் தெரிந்த சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்குப் பதினைந்து நிமிட வேலை போதும். இருபதாவது நிமிடத்தில் அது விளையாட்டாகிவிடும், அப்போது விட்டுவிடலாம். தண்ணீர் இருக்கும் வேலைக்கு எப்போதும் ஆள் தயார். முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலையாக இருக்கட்டும்: பத்துக் கரண்டியைக் கழுவுவது முடிகிற வேலை, வீட்டை ஒழுங்குபடுத்துவது முடியாத வேலை. நேரம் இரண்டு மடங்கு ஆகும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இருக்கும் நாளில் அவளை அழைக்காமல் இருப்பதே மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் செய்து முடித்ததைத் திருத்தக் கூடாது.

இந்தக் கடைசி விதியை எனக்குக் கற்பித்தவை பதினொரு காகிதப் பூக்கள்.

ஒட்டும் நாளன்று நாங்கள் இருவரும் சேர்ந்து பூக்கள் வெட்டினோம். வெட்டியது நான், பசை தடவி ஒட்டியது அவள். அவள் உயரத்துக்கு எட்டிய இடத்தில், அதாவது என் முழங்கால் மட்டத்தில், பதினொரு பூக்களும் ஒரு மூலையில் குவிந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. சுவரின் மற்ற பகுதி முழுவதும் வெறிச்சென்று இருந்தது. அவள் தூங்கிய பிறகு, எல்லாவற்றையும் மெதுவாகப் பிரித்து, வருகிறவர்களின் கண்ணில் படும் உயரத்தில், சம இடைவெளியில் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காலையில் அவள் அந்த மூலைக்குத்தான் முதலில் போனாள். வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்திப் பார்த்தாள். "யார் என் பூவை நகர்த்தியது?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. களவு போன பொருளை விசாரிக்கும் குரல். நான்தான் என்றேன். ஏன் என்றாள். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. "இங்கே எல்லாப் பூவும் பேசிக்கொண்டிருந்தன. அங்கே தனியாக இருக்கின்றன" என்றாள்.

பதினொன்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். இரண்டு பூக்களின் இதழ் கிழிந்துவிட்டது. அதற்கு மருந்துக்கட்டுப் போடுவது போல் காகிதத் துண்டு ஒட்டினாள். பண்டிகையன்று வந்தவர்கள் எல்லோரையும் கையைப் பிடித்து அந்த மூலைக்கு அழைத்துப்போனாள். நின்றபடி பார்த்தால் சரியாகத் தெரியாது, உட்கார வேண்டும். தாத்தா முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார். அத்தை உட்கார்ந்தாள். அதிகம் பேசாத என் பெரியப்பாவும் உட்கார்ந்தார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தரைமட்டத்தில் நடந்தது. அதைவிட நல்ல பண்டிகை எனக்கு நினைவில் இல்லை.

வருகிறவர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு பாடம் உண்டு. அதற்கு முந்தைய பண்டிகைகளில் வாசல் மணி அடித்தாலே அவள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "மாமாவுக்கு முத்தம் கொடு", "சித்தியிடம் வணக்கம் சொல்லு" என்று அவளை முன்னே தள்ளுவோம். ஆசையோடு வந்த உறவினருக்கு அவள் அழுகைதான் வரவேற்பாகக் கிடைக்கும். குழந்தையின் இடத்திலிருந்து பார்த்தால் நிலைமை வேறு. ஓர் ஆண்டுக்கு முன் பார்த்த முகம் அவளுக்குப் புதிய முகம். அவள் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஓர் ஆண்டு. புதிய முகம் ஒன்று பெரிய குரலோடு குனிந்து நெருங்கினால் யாரும் ஒளியத்தான் செய்வார்கள்.

எனவே அவளுக்கு வாசலில் ஒரு பதவி கொடுத்தோம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதப் பூ தர வேண்டும். தட்டு நிறையப் பூ அவள் கையில். கையில் வேலை இருக்கும்போது குழந்தைக்குத் தன் உடலை எங்கே ஒளிப்பது என்ற கவலை இல்லை. கையை நீட்டி எட்ட நின்றே கொடுக்கலாம். பிடித்தவர்களிடம் ஒட்டி நின்று கொடுக்கலாம். தூரத்தை அவளே முடிவு செய்கிறாள். முத்தம் வேண்டும் என்று கேட்ட உறவினரிடம் நான் சிரித்துக்கொண்டே, "முதலில் பூ, மற்றதெல்லாம் அவளாக வரும்போது" என்றேன். யாரும் வருத்தப்படவில்லை. ஒரு மணிநேரம் கழித்து அதே உறவினரின் மடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வருவதற்கு முந்தைய நாட்களில் அவர்களின் புகைப்படங்களைக் காட்டி, "இவர் மிகவும் சத்தமாகச் சிரிப்பார்", "இந்தப் பாட்டி உன் கன்னத்தைத் தொடுவார்" என்று அறிமுகம் செய்துவைப்பதும் உதவியது. சத்தச் சிரிப்பை அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அது வந்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

புதுத்துணி பற்றி ஒரு செய்தி. இரண்டு வயதாகாத காலத்தில் ஒரு பண்டிகைக் காலை முழுவதும் அவள் அழுதாள். பசி என்று நினைத்தோம், வயிற்றுவலி என்று நினைத்தோம், பல் முளைக்கிறது என்று நினைத்தோம். கடைசியில் பாட்டிதான் கழுத்துப் பட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தார். அளவு அச்சிட்ட அந்தச் சின்னஞ்சிறு துண்டு, பிளாஸ்டிக் நூலோடு, கழுத்தின் பின்புறத்தைச் சிவக்கத் தேய்த்திருந்தது. இப்போதெல்லாம் வாங்கிய அன்றே அந்தத் துண்டை வெட்டி, துணியை ஒரு முறை துவைத்து, முந்தைய நாளே பதினைந்து நிமிடம் போட்டுப் பார்க்கிறோம். மடிப்புக் கலையாத புதுமை கொஞ்சம் போய்விடும். போகட்டும்.

தூக்கம் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்டிகை நாளில் முதலில் பலியாவது அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று முதல் இரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணிநேரமும், மூன்று முதல் நான்கு வயதுவரை 10 முதல் 13 மணிநேரமும் தூக்கம் தேவை என்கிறது. பகல் தூக்கமும் இதில் அடக்கம். பண்டிகைக்கு முந்தைய இரவு தாமதமாகப் படுத்து, விடியுமுன் எழுந்து, மதியத் தூக்கத்தையும் விட்டுவிட்டால் குழந்தையிடம் என்ன மிஞ்சும்? எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை மாலை நான்கு மணிக்கு, ஒரு நீலப் பென்சில் நீலமாக இருக்கிறது என்பதற்காக அவள் முக்கால் மணிநேரம் அழுதாள். அந்த அழுகைக்குப் பின்னால் பென்சில் இல்லை, தூக்கம் இருந்தது.

இப்போது மதியம் ஒன்றரை முதல் மூன்றரைவரை ஓர் அறை எங்களுடையது. திரை போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, அவளும் நானும் படுத்துவிடுவோம். தூங்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, படுத்திருந்தால் போதும். விருந்தினர் இருக்கும்போது அப்பா உள்ளே போய்ப் படுப்பதா என்று முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. முன்பே சொல்லிவிட்டால் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அந்த இருட்டறையில், வெளியே கேட்கும் பேச்சொலிக்கு நடுவே, காலையில் நடந்ததையெல்லாம் அவள் என் காதில் கிசுகிசுப்பாள். எனக்கு மட்டும் கிடைக்கும் அந்த நேரத்தை யாரோடும் பங்கிட விருப்பமில்லை.

பரிசுகள் ஒரே நாளில் குவிவது இன்னொரு சிக்கல். தாத்தா பாட்டிகள், அத்தை, மாமா, நண்பர்கள் என்று எல்லோரும் அன்போடுதான் கொண்டுவருகிறார்கள். ஆனால் ஒன்றைப் பிரித்து, அதன் மூடியைத் திறந்து பார்ப்பதற்குள் அடுத்தது கைக்கு வந்துவிடுகிறது. ஓஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முப்பத்தாறு சிறு குழந்தைகளை ஒரு முறை நான்கு பொம்மைகளோடும், இன்னொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். நான்கே இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் செலவிட்டார்கள். பல விதமாகவும் விளையாடினார்கள். எங்கள் வீட்டில் இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. முதல் பரிசைக் கட்டிக்கொண்டு சிரித்தவள், ஆறாவது பரிசில் "அடுத்தது?" என்றாள். அடுத்தது இல்லாதபோது அழுதாள்.

அதனால் அன்று இரண்டு மட்டும் பிரிக்கிறோம். மற்றவை அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும்; பிறகு வாரம் ஒன்று இறங்கும். கொடுத்தவர் மனம் கோணக் கூடாதே என்ற கவலை இருந்தது. பிரிக்கும் நாளில் அவரை வீடியோ அழைப்பில் கூப்பிடுகிறோம். கூட்டத்துக்கு நடுவே ஒரு நிமிடம் கிடைப்பதற்குப் பதிலாக, குழந்தையின் முழுக் கவனமும் அவருக்கு அரை மணிநேரம் கிடைக்கிறது. என் தங்கை இப்போது தன் பரிசு கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறாள்.

பரிசுகளோடு சேர்ந்து வரும் ஆபத்துகளில் எந்தச் சலுகையும் கிடையாது. ஒளிரும் பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை, சிறிய ரிமோட் ஆகியவற்றில் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணிநேரத்திலேயே கடுமையான புண் உண்டாகும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத எதுவும் எங்கள் வீட்டில் குழந்தை கைக்குப் போகாது. வெடித்த பலூனின் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதால் உடனே பொறுக்கிவிடுகிறோம். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. வீட்டில் அந்த உருளை இருக்காது. கழிப்பறைக் காகிதச் சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் அதைவிடச் சற்று அகலமானது. அதற்குள் நுழைவதை ஒதுக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. விருந்தினரின் கைப்பைகளையும் மறந்துவிடக் கூடாது. மாத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், பையோ தரையில் இருக்கும். உயரமான ஒரு கொக்கியை அதற்கென்றே ஒதுக்கினோம்.

சத்தம் விஷயத்தில் நான் செய்தது தவறு. பெரிய ஓசை கேட்டதும் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதே, ஒன்றும் இல்லை, பார்" என்று ஓசை வந்த பக்கமே அவளைத் திருப்பினேன். 'ஒன்றும் இல்லை' என்பது பொய். அவள் காதுக்கு அது இருந்தது. திடீரென வெடிக்கும் ஓசைக்குப் பெரியவர்களுக்கு 140 டெசிபல் உச்ச வரம்பு என்றால், குழந்தைகளுக்கு 120 என்றுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. மறு ஆண்டு சன்னலை மூடி, அவளுக்குக் காது மூடி மாட்டி, உள்ளிருந்து பார்த்தோம். "சத்தமாக இருக்கிறது, ஆமாம். போதும் என்றால் சொல்லு, உள்ளறைக்குப் போய்விடலாம்" என்றேன். போகும் வழி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளே சன்னலுக்கு நெருங்கினாள். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றாள். பத்து நிமிடம் பார்த்தாள்.

இவை எல்லாவற்றுக்கும் நேரம் எங்கிருந்து வரும்? என் மனைவியும் நானும் பண்டிகை நாளை மணிநேரங்களாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒருவர் சமையலையும் விருந்தினரையும் பார்த்துக்கொள்ளும்போது, மற்றவருக்குக் குழந்தை மட்டுமே வேலை. இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வோம். முன்பு இருவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் பொருள், குழந்தையை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை, என் மனைவி ஒரு வேளைகூடச் சூடாகச் சாப்பிடவில்லை என்பதுதான். புகைப்படத்துக்கும் ஒரு நேரம் வைத்துவிட்டோம்: காலையில் பத்து நிமிடம். பிறகு தொலைபேசி அலமாரிக்குள் போய்விடும்.

கடைசியாகப் பண்டிகைக்கு மறுநாள். யாரும் இதற்குத் தயாராவதில்லை. மூன்றரை வயதில், மறுநாள் காலை எழுந்து வந்தவள், காலியான கூடத்தைப் பார்த்து, "பண்டிகை எங்கே போயிற்று?" என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றிலிருந்து மறுநாளுக்கும் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டுகிறோம்: சொல்லும் நாள். அன்று இரவு படுக்கையில் மூவரும் சேர்ந்து நடந்ததையெல்லாம் கதையாகச் சொல்வோம்.

இதில் எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. பெரியவர்களைக் கேட்டால், அவர்களுடைய மிகப் பழைய நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதாகவே இருக்கும். அதற்கு முந்தைய பண்டிகைகள் அவளிடம் தங்கப்போவதில்லை. வளையங்களைக் கிழித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். குழந்தைகளின் நினைவை நீண்ட காலம் ஆராய்ந்துவரும் ராபின் ஃபிவுஷ் போன்றவர்கள் சொல்வது, பெற்றோர் கடந்துபோனதைப் பற்றித் திறந்த கேள்விகள் கேட்டு விரிவாகப் பேசும் வீடுகளில் குழந்தைகள் தங்கள் அனுபவங்களை இன்னும் முழுமையாக நினைவுகூர்கிறார்கள் என்பது. "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். "அப்புறம் யார் வந்தார்கள்? அவர் வந்ததும் நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டால் கதை நகரும். அவள் தவறாகச் சொன்னால் நாங்கள் திருத்துவதில்லை. அம்மா பார்த்தது, அப்பா பார்த்தது, அவள் பார்த்தது என்று மூன்று கதைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

போன பண்டிகைக்கு அவளுக்கு நான்கரை வயது. சொல்லும் நாளன்று விளக்கை அணைத்துவிட்டு, "இந்தப் பண்டிகையில் எது நடந்தது, சொல்லு" என்று கேட்டேன். புதுத்துணி வரும், பரிசு வரும், தாத்தா வருவார் என்று எதிர்பார்த்தேன்.

"மிதியடி" என்றாள்.

மிதியடி நாளன்று வாசல் மிதியடியை இருவரும் சேர்ந்து துவைத்தோம். அவள் அதன்மேல் ஏறிக் குதித்தாள். குதிக்கக் குதிக்கக் கறுப்புத் தண்ணீர் வந்தது. அது படியில் இறங்கி, வளைந்து, பக்கத்து வீட்டு வாசல்வரை போய் நின்றது. ஓர் எறும்பு வழி தெரியாமல் அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தது. காகிதத் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தாள், எறும்பு ஏறவில்லை, காத்திருந்தோம், நான் வேலை இருக்கிறது என்று எழுந்திருக்கப் போனபோது என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். எறும்பு ஏறியது. நான் இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன்.

"அப்புறம் எறும்பு என்ன செய்தது?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"அது வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு நாளைக்குத் துடைக்கும் நாள்" என்று சொல்லிவிட்டு, என் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.